வெற்றிலைக் கணக்கு

என் பெயர் தன்வீர். வெளிச்சம் என்று பொருள்.
மின்வாரியத்தைக் கேட்காமல்
அம்மா வைத்த பெயர்.
சினியோட்டில் மின்சாரம்
வருவது செய்தி, போவது வழக்கம்.
நான் வயர் இழுப்பவன்.

லாகூரிலிருந்து ருமானா வந்தாள்
சுருட்டிய படங்களோடு.
கட்டில் தலைமாட்டிலும்
அலமாரிக் கதவிலும்
படர்ந்து கிடந்த பித்தளைக் கொடியை
எழுப்பி நிறுத்தி
உள்ளே ஒரு விளக்கை வைக்க வேண்டும் என்றாள்.
எட்டுப் பட்டை, ஆள் உயரம்,
துபாயில் ஏதோ ஹோட்டல் வாசலுக்கு.

ஃபைஸ் ரசூல் படத்தைத் தலைகீழாகப் பார்த்தார்,
பிறகு நேராக.
"பித்தளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.
ஷீஷம் குடித்துவிடும்.
வெளியே வர மிச்சம் எது?"
என்றாலும் முன்பணத்தை இருமுறை எண்ணினார்.

மூன்று வாரம்
இழைவாள் சிள்வண்டு மாதிரி.
இருநூற்றுப் பதினேழு இலைகள்.
ஒவ்வொன்றையும் பலகைமேல் வைத்து
ஊசியால் சுற்றி வரைந்து
வரைந்ததை அப்படியே அறுத்தெடுத்துப்
பசை தடவி, சுத்தியலால்,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் அல்ல,
விருந்தாளி தட்டுவதுபோல்.
பித்தளைத் தூள் அவர் மீசையில், என் தேநீரில்,
ஒருநாள் முழுக்க ருமானாவின் இடது புருவத்தில்.
யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இனி என் குற்றம்.
எல்.இ.டி. பட்டை கராச்சி சுங்கத்தில் கிடந்தது.
சோதித்துப் பார்க்கத்தானே என்று
பழைய நூறு வாட் குண்டு பல்பை
உள்ளே தொங்கவிட்டேன்.
பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம்.
மேல்வாய் வழியே கூரையில் ஒரு வட்டம்.
பக்கமெல்லாம் இருட்டு.
அழகாகக் கட்டிய கிணறு.
ருமானா எதுவும் பேசவில்லை.
எதுவும் பேசாமலிருக்க
ஃபைஸ் ரசூல் மிகவும் பாடுபட்டார்.

அரைமணி இருக்கும்.
சூட்டில் பித்தளை விரிந்தது, மரம் சுருங்கியது
(ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு நடப்பதுதான்).
டிங்.
ஓர் இலை தரையில்.
எதிர்ச் சுவரில், உரக்கடைக் காலண்டர் பக்கத்தில்
அதே இலை
நாலு மடங்காக, ஓரம் கலங்கி.

டிங். இன்னொன்று.
சுவிட்சுக்கு ஓடினேன்.
"தொடாதே" என்றாள் ருமானா.
"அணை" என்றார் ஃபைஸ் ரசூல்.
பதினொன்று விழும்வரை
என் கை காற்றில் நின்றது.

பிறகு சண்டை.
ஒட்டித் தருகிறேன், காலையில் பார் என்றார்.
விழுந்தது விழுந்தபடியே இருக்கட்டும் என்றாள்.
"பல் போன வாயையா ஹோட்டலில் வைப்பாய்?"
"அந்த வாய்தான் பேசுகிறது."
அவர் குந்தி உட்கார்ந்து
ஒவ்வோர் இலையாகப் பொறுக்கி
பால்டப்பா மூடியில் போட்டுக்கொண்டார்.
அந்தச் சத்தமும் டிங்தான்.

மறுநாள் மாலை ரசீது:
பித்தளை இலை, இருநூற்று ஆறு.
வெற்று இலை, பதினொன்று. விலை அதேதான்.
"இல்லாததற்குமா?"
"இல்லாததையும் நான்தான் அறுத்தேன்.
வாள் தேய்ந்தது இரண்டுக்கும் ஒன்றுதான்."

அவள் பேனாவைத் திறந்தாள்.
மின்சாரம் போனது.

இருட்டில் அது வெறும் மரத்தூண்.
சீனாப் பாலத்துக்குத் திரும்பிய கரும்பு லாரி ஒன்று
முன்விளக்கைத்
திறந்த கதவு வழியே பட்டறைக்குள் எறிந்துவிட்டுப் போனது.
வாசலைப் பார்த்திருந்த இலையெல்லாம்
ஒரே மூச்சில் பற்றி எரிந்தன.
நேற்றுப் பேசியவை மட்டும்
கறுப்பாக, வாய் மூடி.

லாரி போயிற்று.
காகிதத்தில் பேனா உரசும் சத்தம்.
வரியை அடித்த கோடா, கையெழுத்தா?
நீளத்தை வைத்துக் கணிக்கப் பார்த்தேன்.
முடியவில்லை.

அந்த ரசீதில் வயருக்கென்று ஒரு வரி கிடையாது.
மெழுகுவர்த்தி தேடி எழுந்தது
நான்தான்.